என்ன வார்த்தை சொன்னார்?

1

போன செவ்வாய்க்கிழமை தபால்பெட்டியில் ஓர் அரசாங்க உறை கிடந்தது. இந்த நாட்டுக்கு வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் அரசாங்க உறையைக் கண்டால் எனக்குக் கை வியர்க்கும். வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு என்று மாதத்துக்கு நாலாவது வரும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்து, படம் பிடித்து மகள் மாலாவுக்கு அனுப்பி, அவள் 'ஒன்றுமில்லை' என்று பதில் எழுதிய பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். இந்த உறை போலீஸ் நிலையத்திலிருந்து வந்திருந்தது. சாட்சி சொல்ல வரச் சொல்லியிருந்தார்கள்.

பாரிசுக்கு வடக்கே, ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் ஒரு புறநகர். ஏழு மாடிக் கட்டடத்தில் நாலாவது மாடி என்னுடையது. கணவர் போன பிறகு தனியாகத்தான் இருக்கிறேன். எதிர்வீட்டில் அமினாத்தா, மாலி தேசத்துக்காரி, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறாள். மூன்றாவது மாடியில் ஓர் ஆள், பெரிய நாய் ஒன்று வைத்திருக்கிறான். மூன்று வாரத்துக்கு முன்பு அவன் மாடிப்படியில் அமினாத்தாவை வழிமறித்து, தோளைப் பிடித்துத் தள்ளி, அவள் நிறத்தையும் அவளைப் பெற்றவளையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னான். குப்பை போடக் கதவைத் திறந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். வார்த்தை முழுசாகக் காதில் விழுந்தது. பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தக் குப்பைப் பை இரண்டு நாள் சமையலறையிலேயே கிடந்தது.

நான் கதவைச் சாத்தியதை அமினாத்தா பார்த்திருக்கிறாள். போலீசில் என் பெயரைச் சொல்லிவிட்டாள்.

மாலாவுக்குப் போன் போட்டேன். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை இப்படித்தான் நடக்கிறது. அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. சின்ன வயதில் பேசினாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கழற்றிப் போட்டுவிட்டாள்.

"போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள் அம்மா, கால் மணி நேர வேலை" என்றாள்.

"இன்னா கேப்பாங்க?"

"அவன் என்ன வார்த்தை சொன்னான் என்று கேட்பார்கள். 'திட்டினான்' என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. அதே வார்த்தையை அப்படியே சொல்ல வேண்டும். சட்டம் அப்படி."

சட்டம் அப்படித்தான் என்பது எனக்குப் பதினாறு வயதிலேயே தெரியும். அதை நான் அவளிடம் சொன்னதில்லை.

2

இந்தி எதிர்ப்புக்காகப் பள்ளிக்கூடங்களை மூடித் திறந்தார்களே, அதற்கு அடுத்த வருஷம். கீரப்பாளையத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் தெரு ஊரைவிட்டுத் தள்ளி, வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்தது. எந்தத் தெரு என்று நான் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊரில் திசையைச் சொன்னாலே போதும். நான் தினமும் பஸ் ஏறிச் சிதம்பரத்துக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் பத்தாவதைத் தொட்ட முதல் பெண் நான்தான். அப்பா பெயர் கலியன். ரயில்வேயில் கேங்மேன், தண்டவாளத்தோடு நடந்து சரி பார்க்கிற வேலை. மாதச் சம்பளமும் காக்கிச் சட்டையும் உண்டு. அந்தக் காக்கிச் சட்டை ஊரில் சிலருக்குக் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே எங்களுக்குத் தனி கிளாஸ் உண்டு, கூரை எரவாணத்தில் செருகியிருக்கும். நாமே எடுத்து, நின்றபடி குடித்து, நாமே கழுவிச் செருகிவிட்டு வர வேண்டும். அப்பா அந்தக் கடையில் குடிக்கவே மாட்டார். அன்றைக்குக் குடித்தார். புதிதாக வந்திருந்த டீ மாஸ்டர் வெளியூர்க்காரர், காக்கிச் சட்டையைப் பார்த்து ஏதோ உத்தியோகஸ்தர் என்று நினைத்து, "உக்காருங்க சார்" என்று எல்லோருக்கும் கொடுக்கிற கிளாசில் கொடுத்துவிட்டார். அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பஸ்ஸைவிட்டு இறங்குகிறேன், அப்பா பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். அவரை அப்படிப் பார்த்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. கடைக்குப் போகிற வழியில் இருந்த புளியமரத்தைத் தாண்டி, அவரை நோக்கி நாலு எட்டு வைத்திருப்பேன்.

கடை இருந்த இடம் ஒரு பண்ணைக்காரருடையது. அவர் சைக்கிளில் வந்தார், இறங்கினார், கிளாசைத் தட்டிவிட்டார். செருப்பைக் கழற்றி அப்பாவின் கன்னத்தில் அடித்தார். அடித்துக்கொண்டே எங்கள் சாதியையும் அப்பாவைப் பெற்றவளையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அப்பா திரும்பிப் பார்த்தபோது நான் புளியமரத்தடிக்குப் பின்வாங்கி, கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

வழக்குப் போட வைத்தது அப்பாவோடு வேலை பார்த்த மேஸ்திரி. "மச்சான், இத விட்டீங்கன்னா நாளைக்கு நம்மள எவனும் மதிக்க மாட்டான். சட்டம் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆவுது, நாமதான் அத எடுத்துப் பாக்கல" என்றார். போலீசில் மூன்று நாள் அலைய விட்டார்கள். கடைசியில் 'கண்டபடி திட்டி அடித்தார்' என்று ஒரு வரியில் எழுதிக்கொண்டார்கள். அதற்குள் கன்னத்து வீக்கமும் வற்றிப்போயிருந்தது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல், சின்ன வயசு, எங்களுக்காக ஆஜராக ஒத்துக்கொண்டார். அவருடைய அறையில்தான் தீண்டாமைக் குற்றச் சட்டம் என்ற பெயரை நான் முதலில் கேட்டேன். அவர் எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அப்பா நுனியில் உட்கார்ந்தார்.

"இங்க பாருங்க கலியன், வெறுமனே திட்டுனாருங்கறதுக்கு இந்தச் சட்டத்துல தனியா எடம் கெடையாது. கடை பொது எடம். அங்க உங்கள எல்லாரையும் போல டீ குடிக்க விடாம தடுத்தாரு, அதுக்காக அடிச்சாரு. அதுதான் குத்தம். நீங்க தாழ்த்தப்பட்டவருன்னா, தீண்டாமையாலதான் செஞ்சாருன்னு கோர்ட்டே எடுத்துக்கணும். இல்லன்னு அவுங்கதான் நிரூபிக்கணும்."

"அப்ப நமக்குத்தானே சாதகம்?"

"அவுங்க சும்மா இருப்பாங்களா? நீங்க அவரு சைக்கிளத் தள்ளிவிட்டீங்க, அந்தக் கோவத்துல அடிச்சாரு, சாதிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லப் போறாங்க. ரெண்டு பேரு பாத்தோம்னு சாட்சி சொல்லவும் வராங்க. அத ஒடைக்கணும்னா ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அடிக்கும்போது அவரு சொன்ன வார்த்த. வார்த்ததான் கேஸு. யாரு கேட்டா?"

டீ மாஸ்டர் அடுத்த நாளே ஊரைவிட்டுப் போய்விட்டார். கடையில் இருந்தவர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை.

"எம் பொண்ணு இருந்துச்சு. ஆனா அது தூரத்துல, புளியமரத்தாண்ட நின்னுச்சு. அது காதுல விழுந்திருக்காதுங்க" என்றார் அப்பா அவசரமாக.

வக்கீல் அவரை வெற்றிலை பாக்கு வாங்கிவர அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்து, "விழுந்துச்சா?" என்றார். தலையாட்டினேன். "சொல்லு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. "கோர்ட்ல இப்பிடியே சொல்லிடு. ஒரு எழுத்து மாத்தாத, நாகரிகமா மாத்தாத" என்றார். அப்பா திரும்பி வந்ததும், "பொண்ணு சொல்லும், நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சட்டத்தில் ராஜி உண்டு. கோர்ட் அனுமதித்தால் இரண்டு தரப்பும் சமாதானமாகப் போய்விடலாம். பண்ணைக்காரர் தரப்பிலிருந்து நாலு தடவை ஆள் வந்தது. நாலு தடவையும் அப்பா "கோர்ட்லயே பாத்துக்கலாங்க" என்று சொல்லி அனுப்பினார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. எதற்கும் குரல் உயர்த்தாத மனுஷன்.

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் நான் பஸ்ஸைவிட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்து வருகிறேன். சைக்கிளில் இரண்டு பேர் கூடவே வந்தார்கள். ஒருவர் சிரித்த முகமாக, ரொம்பப் பிரியமாகக் கேட்டார்.

"தெனமும் இந்த வழியாதான் போவியா பாப்பா?"

நான் நடையை எட்டிப் போட்டேன்.

"மதகாண்ட சேறு ஜாஸ்தி. கால் வழுக்கி விழுந்தா தூக்கி வுட ஆள் இருக்காது. பாத்துப் போ."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, தொடவில்லை. அந்த வார்த்தைகளை எந்தக் கோர்ட்டில் சொன்னாலும் குற்றம் என்று ஆகாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா ராஜிக்குப் போய்விடுவார் என்று ஒரு பயம். போகாமல் பிடிவாதமாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொரு பயம்.

4

சிதம்பரம் கோர்ட்டு வராண்டாவில் காத்திருந்தோம். அப்பா புதுச் செருப்பும் துவைத்த காக்கிச் சட்டையும் போட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்போது பண்ணைக்காரர் தன் வக்கீலோடு வந்தார். அப்பா சட்டென்று எழுந்தார். துண்டு தோளிலிருந்து கக்கத்துக்குப் போனது. கால் தானாகச் செருப்பைவிட்டு இறங்கியது. "கும்புடறேன் ஆண்டே" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஆனால் அந்த வக்கீல் பார்த்துவிட்டார்.

முதலில் அப்பாவைக் கூப்பிட்டார்கள். கோர்ட்டுச் சேவகர் வாசலில் நின்று மூன்று முறை "கலியன்" என்று கத்தினார். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் உள்ளே இருக்கக் கூடாது என்று என்னை வெளியே நிறுத்தினார்கள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. நான் ஜன்னலோரம் நிற்பது அப்பாவுக்கும் தெரியும்.

"என்ன வார்த்தை சொன்னார்?" என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

"அசிங்கமாப் பேசுனாருங்க."

"என்ன அசிங்கம்?"

"சாதியச் சொல்லி... அசிங்கமா."

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அதத்தான்யா கேக்கறாரு. அவரு பேசினத அப்படியே சொல்லு, எழுதணும்."

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, "வாயால சொல்ல முடியாதுங்க ஐயா" என்றார். தகாத வார்த்தைகளால் திட்டியதாகச் சாட்சி கூறுகிறார் என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்தது எதிர்க்கட்சி வக்கீலின் முறை. சைக்கிளைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இன்னிக்குக் காலையில வராண்டாவுல இவரப் பாத்ததும் என்ன செஞ்சே?"

"கும்புட்டேங்க."

"யாராச்சும் கும்புடச் சொன்னாங்களா?"

"இல்லீங்க."

"நீயாத்தான் கும்புட்டே. ஒருத்தரு மேல பகை இருந்தா கும்புடுவியா?"

அப்பா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "தெரியலீங்க. அதுவா வந்துருச்சுங்க" என்றார். கோர்ட்டில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் கையில் துரு ஒட்டியிருந்தது, அதைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

என்னைக் கூப்பிட்டார்கள். கூண்டு என் மார்பு உயரம் இருந்தது. அப்பா கீழே, பின்பக்கச் சுவரோரம் நின்றிருந்தார். வாசல் பக்கத்தில் அந்தச் சிரித்த முகக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அடிச்சதப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"அடிக்கும்போது இவரு என்ன வார்த்தை சொன்னாரு?"

வார்த்தை என் நாக்கில் இருந்தது. அன்றைக்கு இருந்ததைவிட இன்றைக்குத் தெளிவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மதகு தெரிந்தது, சேறு தெரிந்தது. மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது.

"எனக்குக் கேக்கலீங்க. நான் புளியமரத்தாண்ட நின்னேன்" என்றேன்.

வக்கீல் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதில் கோபம் இல்லை. அவர் சின்ன வயதுக்காரர்தான், ஆனால் இதையெல்லாம் நிறையப் பார்த்தவர் போலிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அடித்தது உண்மை, சைக்கிள் தகராறில் அடித்தது, அதற்கு ஓர் அபராதம். தீண்டாமை என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. பல வருஷம் கழித்து, அவமதிப்பதையே தனிக் குற்றமாகச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள், கோர்ட்டில் ராஜி ஆகவும் முடியாது என்று இங்கே ஒரு தமிழ்ப் பத்திரிகையில் படித்தேன். படித்துவிட்டு அந்தப் பக்கத்தை மடித்து எங்கோ வைத்தேன். நான் சொன்னதை எந்தத் திருத்தம் திருத்தப் போகிறது என்று தோன்றியது.

பத்தொன்பது வயதில் புதுச்சேரி மாப்பிள்ளை வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை. இரண்டாவது யோசனை இல்லாமல் தலையாட்டினேன். இங்கே சிலர் தாங்கள் கடல் கடந்த கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். நான் பயந்து ஓடி வந்தவள், அவ்வளவுதான்.

5

வெள்ளிக்கிழமை மாலா லீவு போட்டுவிட்டு வந்தாள், என்னைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போக. போகும் வழியில் லிப்டில் மூன்றாவது மாடிக்காரன் ஏறினான், நாயோடு. "வணக்கம் மதாம்" என்றான். என் வாய் தானாக வணக்கம் சொன்னது. சொல்லிவிட்டு மாலாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

நிலையத்தில் அடையாள அட்டை, வீட்டு முகவரிக்குச் சான்று, அதன் நகல், நகலுக்கு ஒரு நகல். நான் கல்யாணமாகி வந்த புதிதில், என் பெயருக்குப் பின்னால் இருந்த அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று பதிந்துவிட்டார்கள். எழுதிப் போட்டும் மாற்றவில்லை, பிறகு நானும் விட்டுவிட்டேன். அதனால் ஓர் இளம் அதிகாரி கதவைத் திறந்து கூப்பிட்டபோது, "மதாம் கலியன்" என்றுதான் கூப்பிட்டார். என் கால் எழவில்லை. மாலாதான் தூக்கிவிட்டாள்.

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். மாடிப்படி என்பது பொது இடமா, அங்கே குடியிருக்கிறவர்களுக்கு மட்டுமானதா என்பதைப் பொறுத்துக் குற்றத்தின் எடை மாறும் என்றார். வேறு யார் கேட்டார்கள், எத்தனை அடி தூரத்தில் நின்றீர்கள், கதவு எவ்வளவு திறந்திருந்தது என்றார். பிறகு, "சரியாக என்ன வார்த்தை சொன்னார்?" என்றார்.

சொன்னேன். ஓர் எழுத்தும் மாற்றாமல் சொன்னேன். பிரெஞ்சில் எனக்குக் கடைக்குப் போகிற மொழி மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்த மாலா, காது வரை சிவந்துபோனாள். அதிகாரி தட்டச்சு செய்து, எனக்கே திருப்பிப் படித்துக் காட்டி, இதுதானா என்று கேட்டார். ஆமாம் என்று கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளின் மேலே என் பெயர், கட்டடம், மாடி, கதவு எண் எல்லாம் இருந்தன. "இதை அந்த ஆள் படிப்பானா?" என்று கேட்டேன். அவனுடைய வக்கீல் படிப்பார் என்றார்.

வெளியே வந்ததும் மாலா என்னைக் கட்டிக்கொண்டு, "துணிச்சல்காரி" என்றாள். இந்தப் பிள்ளைக்கு என்னைப் பற்றி ஒன்றுமே தெரியாது. வெள்ளிக்கிழமையிலிருந்து நான் லிப்டில் ஏறுவதில்லை. படியில் இறங்கும்போதும் மூன்றாவது மாடி வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறேன்.

6

கோர்ட்டு நாளில் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். இரண்டு நாளாக எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன்.

நான் சாட்சி சொல்லி முடித்ததும், கேஸ் போய்விட்டது என்று வக்கீல் வராண்டாவிலேயே அப்பாவிடம் சொல்லிவிட்டார். பஸ் ஸ்டாண்டு வரை அவர் முன்னாலும் நான் பின்னாலுமாக நடந்தோம். அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். ஊர் பஸ்ஸில் பின் சீட்டில் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பியதும் அப்பா என் பக்கம் குனிந்தார்.

"கேட்டேன்னு வக்கீலு சொல்லச் சொன்னத நீ சொல்லல இல்ல?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நல்லதாப் போச்சும்மா. எங்க நீ அதச் சொல்லிப்புடுவியோன்னுதான் நான் அங்க நின்னு சாமி கும்புட்டுகிட்டு இருந்தேன். இந்த நாலு மாசமா எனக்கு அது ஒண்ணுதான். நீ கேட்டியா கேக்கலியான்னு. கேஸு போனாப் போவுது. உங்கப்பன அவன் இன்னா சொன்னான்னு உனக்குத் தெரியாது பாரு, அது போதும் எனக்கு."

அவர் முகத்தில் அன்றைக்கு இருந்தது நிம்மதி. அப்படி ஒரு நிம்மதியை நான் அவரிடம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நான் பொய் சொன்னேன் என்று சொன்னால் அது போய்விடும். வார்த்தை காதில் விழுந்தது என்று சொன்னாலும் போய்விடும். இரண்டும் ஒன்றுதான்.

"நெசமாவே கேக்கலியே?" என்றார் மறுபடியும்.

"கேக்கலப்பா."

அவர் என் தோளில் தலையைச் சாய்த்து, கீரப்பாளையம் வருவதற்குள் தூங்கிப்போனார்.